முத்துலட்சுமி அம்மையார்

கறையான் புற்றெடுக்கும் இடத்தில், மண்மேடு வெளியே தோன்றுமுன்னரே மரத்தின் உட்பகுதி அரிக்கப்பட்டுவிடும். மனித உடலில் உண்டாகும் கொடும்பிணி ஒன்றினைப் புற்று என்றே தமிழ் மக்கள் வழங்கி வருதல் பொருத்தமுடையதே. அப்பிணி வெளிப்படத் தோன்றுங்கால் பெரும்பாலும் காலம் கடந்து போயிருக்கும். காலம் கடவாமுன் கண்டறியப்பெறின் அதனைத் தீர்த்தல் பலருக்குக் கைகூடும் என்னும் உண்மையை நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் அறிந்திருந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராய் விளங்கி, அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று எழுப்பியே தீர்வதென உறுதி பூண்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவ்வுறுதியினின்றும் வழுவாது நின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அந்நகரத்து மகாராசாக் கல்லூரியின் தலைவராக இருந்த கல்விமான். தாயார் சந்திரம்மாள், கோயிற் பணிக்கெனப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமுடைய மரபில் தோன்றியவர். அம்மரபிற் பிறந்த பெண்களைச் சமுதாயம் எத்துணை இழிவாக நோக்கியது என்பதைச் சிறுமியாக இருந்தபோதே முத்துலட்சுமியார் கண்டுணர்ந்தார். அவ்வுணர்ச்சி அவர் நெஞ்சில் ஆறாத தழும்பாய்ப் பதிந்தது.

பெண்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வதே மிகையெனக் கருதப்பட்ட காலம் அது. பருவம் எய்தியதும் முத்துலட்சுமியார் பள்ளியினின்றும் நிறுத்தப்பெற்றார். ஆயினும் தந்தையார் வீட்டிலேயே பாடம் கற்பித்து வந்தமையால், 1902-ஆம் ஆண்டில் தனித்தேர்வாளராக மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அடுத்துக் கல்லூரியிற் சேர விரும்பியபோது ஊரே எதிர்த்து நின்றது. ஆடவர் பயிலும் கல்லூரியில் பெண்ணொருத்தி அமர்வதா என்று வெகுண்டோர் சிலர். அவருடைய தாயாரின் குலத்தைச் சுட்டிக்காட்டி மறுத்தோர் வேறு சிலர். அப்போது புதுக்கோட்டையை ஆண்ட மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், எதிர்ப்பினைப் பொருட்படுத்தாது, அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். மூடிய வண்டியிற் கல்லூரிக்குச் சென்று, மாணவர்கள் காணாதவாறு திரைமறைவில் அமர்ந்து அவர் பாடங் கேட்டார். கல்வியின்பால் வேட்கை மிக்கோருக்குத் திரை ஒரு தடையாகுமோ?

1907-ஆம் ஆண்டில் முத்துலட்சுமியார் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கும் ஆடவர் நிறைந்த வகுப்புகளே. பரிசுகளும் பொற்பதக்கங்களும் பெற்று, 1912-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டத்துடன் வெளிவந்தார். அக்கல்லூரியிற் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவர் ஒருவராவார். எழும்பூரிலிருந்த அரசினர் மகப்பேற்று மருத்துவமனையில் உள்ளிருப்பு மருத்துவராகப் பணியாற்றும் வாய்ப்பு முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கிட்டியதும் அவராலேயே. 1914-ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டி என்பவரை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் ஆகாது என்னும் ஒப்பந்தத்தின்மேலேயே அம்மணத்திற்கு அவர் இசைந்தார். கணவரும் அச்சொல்லை இறுதிவரை காத்தார் என்பது அவருக்கும் பெருமை தருவதே.

இவ்வாறு மருத்துவத் தொழில் செழித்து, இரு மைந்தருடன் இல்லறமும் இனிது நடந்து வந்த நாளில்தான் அம்மையாரின் வாழ்வைத் திருப்பிவிட்ட துயரம் நேர்ந்தது. அவருடைய இளைய தங்கை ஒருவர் வயிற்று நோயால் வருந்தத் தொடங்கினார். குருதியும் சீதமும் கழிந்தமையால், மருத்துவர்கள் அதனைச் சீதபேதி எனத் துணிந்து அதற்குரிய மருந்துகளையே கொடுத்து வந்தனர். மருந்து உண்டும் நோய் தணியவில்லை. நாளடைவில் உடல் மெலிந்தது, வேதனை மிகுந்தது. உண்மையில் அது மலக்குடலில் தோன்றிய புற்று. உண்மை புலனான வேளையில் அறுவை மருத்துவமும் பயன்தரும் எல்லையை நோய் கடந்துவிட்டது. 1920-களின் தொடக்கத்தில், வாழ வேண்டிய இளம் வயதிலே, அத்தங்கையார் தமக்கையின் கண்முன் உயிர் நீத்தார்.

தமக்கையோ மருத்துவர், தமக்கையின் கணவரும் மருத்துவர். சென்னை நகரத்துச் சிறந்த மருத்துவர்கள் பலர் அக்குடும்பத்திற்கு அறிமுகமானவர்கள். இத்துணை வாய்ப்பும் ஒருங்கே பெற்றிருந்த வீட்டிலேயே நோய் இன்னதென்று தெரியாமல் ஓர் உயிர் போயிற்று என்றால், சிற்றூரில் வாழும் ஏழைப் பெண்ணொருத்தியின் நிலை யாது? இவ்வினா அம்மையாரை உறங்கவிடவில்லை. தங்கையாரை இழந்த துயரம் நாளடைவில் ஒரு கடமையாக உருக்கொண்டது.

அரசினரின் உதவித்தொகை பெற்று, பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் உற்ற நோய்களைப் பற்றி மேற்கல்வி பயில 1925-ஆம் ஆண்டில் அவர் இலண்டன் மாநகர் சென்றார். அந்நகரத்தில் புற்றுநோய்க்கெனவே 1851-ஆம் ஆண்டில் தோன்றிய மருத்துவமனை ஒன்று உண்டு. அதனை நிறுவிய வில்லியம் மார்சுடன் என்பவரும் தம் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவரே. அங்கே புற்றுநோயாளர்கள் சாவை எதிர்நோக்கிக் கிடப்போராக நடத்தப்பெறவில்லை. அறுவையாலும் கதிர்களாலும் முறையாகச் சிகிச்சை பெற்று வந்தனர். தொடக்கத்திலேயே வந்தவர்கள் நலம் பெற்று இல்லம் திரும்பினர். இக்காட்சியைக் கண்ட அம்மையார், இத்தகைய நிலையம் ஒன்று தம் நாட்டிலும் வேண்டும் என்னும் எண்ணத்துடன் தாயகம் மீண்டார்.

மீண்ட அவரை வேறு பணிகள் எதிர்கொண்டழைத்தன. 1926-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராக நியமிக்கப்பெற்று, அதன் துணைத்தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட இந்தியப் பகுதியில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் இந்தியப் பெண்மணி என்னும் சிறப்பு அவருக்கு உரியதாயிற்று. பெண்களைக் கோயில்களிற் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி, பெரிய தலைவர்கள் சிலரின் எதிர்ப்பினையும் மீறி வளர்ந்து, 1947-ஆம் ஆண்டில் முழுமையான சட்டமாக நிறைவுற்றது. காந்தியடிகள் சிறைப்படுத்தப்பெற்றதைக் கண்டித்து 1930-ஆம் ஆண்டிற் பதவியைத் துறந்தார். புகலற்று வந்த பெண்களுக்காக அவர் ஏற்படுத்திய ஔவை இல்லம் அடையாற்றில் இன்றும் நடைபெற்று வருகின்றது. இவற்றுள் ஒவ்வொன்றும் தனியே எடுத்துரைக்கத்தக்க பெருமையுடையது. எனினும், இப்பணிகள் அனைத்திற்கும் இடையே தங்கையாரின் நினைவு அவர் உள்ளத்தில் அணையாத விளக்காய் எரிந்துகொண்டிருந்தது.

அக்காலத்தில் தென்னாட்டில் புற்றுநோயாளரின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. பெண்களைக் கருப்பையின் வாயில் தோன்றும் புற்று பெரிதும் வாட்டியது. நாணம் காரணமாக அவர்கள் தம் துன்பத்தை வீட்டாரிடமும் கூறாது மறைத்தனர். தாளமுடியாத நிலையிலேயே மருத்துவரை நாடினர். வெற்றிலையுடன் புகையிலையை இடைவிடாது மென்றோருக்கு வாயிலும் கன்னத்திலும் புற்று உண்டாயிற்று. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பினைச் சென்னை மருத்துவர் ஒருவர் 1902-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அந்நாளில் தென்திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில் பணியாற்றிய மற்றொரு மருத்துவரும், வாய்ப்புற்றுற்ற பலரை ஆராய்ந்து, 1933-ஆம் ஆண்டில் அதனை வலியுறுத்தினார். எனினும் இவ்வுண்மை மருத்துவ ஏடுகளைத் தாண்டி ஊர்ப்புறங்களை எட்டவில்லை. சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1934-ஆம் ஆண்டு பெர்னார்டு கதிரியல் நிலையம் தோன்றியபின் கதிர்ச் சிகிச்சைக்கு ஓரளவு வழி பிறந்தது. ஆனால் நோயைக் கண்டறிதல், அறுவை செய்தல், கதிர் பாய்ச்சுதல், பின்னரும் தொடர்ந்து கண்காணித்தல் ஆகிய யாவும் ஒரே கூரையின்கீழ் நிகழும் தனி நிலையம் தென்னாட்டில் எங்கும் இல்லை. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. திருநெல்வேலிச் சீமையில் ஏர் பிடிக்கும் உழவன் பம்பாய்க்கு எங்ஙனம் செல்வான்?

1935-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி தன் நூற்றாண்டு விழாவினைக் கொண்டாடியது. அப்பேரவையில் அம்மையார் எழுந்து, புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை சென்னையில் அமைய வேண்டும் என்னும் தம் விருப்பத்தை வெளிப்படையாக அறிவித்தார். கேட்டோர் பாராட்டினர். பாராட்டியதோடு அமைந்தனர். பின்னர் உலகப் பெரும்போர் மூண்டது; ஆண்டுகள் உருண்டோடின.

நாடு விடுதலை பெற்றபின், அம்மையார் அரசினரை மீண்டும் அணுகினார். அப்போது அவர் அறுபதாண்டு கடந்தவர். ஆட்சிப் பொறுப்பிலிருந்தோர் தரப்பிலிருந்து அவருக்குக் கிடைத்த மறுமொழி வியப்புக்குரியது. புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கப் போகின்றவர்தாமே, அவர்களுக்கென ஒரு மருத்துவமனை எதற்கு என்று அவரிடம் கேட்கப்பட்டது. வாந்திபேதியும் அம்மையும் கயநோயும் ஆயிரக்கணக்கானோரை மாய்த்துக்கொண்டிருந்த அந்நாளில், வறிய கருவூலத்தைக் காக்கும் பொறுப்புடையோர்க்கு அவ்வாறு தோன்றியிருத்தல் கூடும். ஆயினும் அவ்வினாவினுள் ஒரு பெரும்பிழை மறைந்திருந்தது. மருத்துவமனை இல்லாமையால் நோயாளர் காலங்கடந்து வந்தனர். காலங்கடந்து வந்தமையால் இறந்தனர். அவர்கள் இறப்பதைக் கண்டு, மருத்துவமனையால் பயனில்லை என்று முடிவு கட்டினர்! இச்சுழலினை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும் என்பதே அம்மையாரின் வழக்கு.

அரசு மறுத்ததற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. பெண்களின் முன்னேற்றத்திற்கென 1917-ஆம் ஆண்டில் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தில் அவர் நெடுநாள் தலைமை தாங்கித் தொண்டாற்றியவர். அச்சங்கத்தின் சார்பில் 1949-ஆம் ஆண்டில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். செல்வர்களை நாடிச் சென்றார். சிறுதொகை தந்தோரையும் வணங்கி ஏற்றார். சட்டமன்றத்தின் துணைத்தலைவராக அமர்ந்திருந்த பெருமாட்டி, யாரோ முகமறியாத நோயாளர்களுக்காக வீடுதோறும் கையேந்தினார். பிறர்பொருட்டு இரத்தலில் இழிவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். அவருடைய இளைய மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் புற்றுநோய் மருத்துவத்தையே தம் துறையாகத் தேர்ந்துகொண்டு அன்னையாருக்கு வலக்கையாய் வாய்த்தார். பொருள் ஈட்டும் துறைகள் பல இருக்க, அந்நாளில் எவரும் விரும்பாத ஒரு துறையை அவர் மேற்கொண்டமையே அன்னையாரின் கனவுக்குக் கிடைத்த முதற் கொடையாகும்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள், தலைமை அமைச்சர் சவகர்லால் நேரு அடையாற்றில் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் அது நோயாளர்க்குத் திறக்கப்பெற்றது. குடில் போன்ற சிறு கட்டடம், பன்னிரண்டு படுக்கைகள், விரல்விட்டு எண்ணத்தக்க பணியாளர். தென்னாட்டில் புற்றுநோய்க்கென எழுந்த முதல் தனி நிலையம் அவ்வளவு எளிய தோற்றத்துடன் தொடங்கிற்று. இலண்டனிலிருந்து திரும்பிய ஆண்டிலிருந்து கணக்கிட்டால், அந்நாளைக் காண அம்மையார் இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டை நெருங்கியிருந்தது. மறு ஆண்டில் டாக்டர் சாந்தா என்னும் இளம் பெண் மருத்துவர் அங்கே பணியேற்றார். அரசுப் பணி கைக்கெட்டும் நிலையிலிருந்தும் அதனை விடுத்து அவர் வந்தார். 2021-ஆம் ஆண்டில் மறையும்வரை அவருடைய வாழ்வு அந்நிலையத்தோடே ஒன்றியிருந்தது.

கட்டணம் செலுத்த இயலாதவர்க்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிப்பதை அந்நிலையம் தொடக்கமுதலே நெறியாகக் கொண்டது. 1957-ஆம் ஆண்டில் கோபால்ட்டு என்னும் உலோகத்தின் கதிர்களைக் கொண்டு ஆழத்திலுள்ள கட்டிகளையும் தாக்கவல்ல கருவி கனடா நாட்டின் உதவியால் ஆங்கு நிறுவப்பெற்றது. இந்தியாவில் அத்தகைய கருவியைப் பெற்ற முதல் நிலையங்களுள் அதுவும் ஒன்று. 1960-ஆம் ஆண்டில் புற்றுற்ற குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி ஏற்பட்டது. காஞ்சிபுர வட்டாரத்துச் சிற்றூர்களுக்கு மருத்துவர்களே சென்று, நோயினை அதன் தொடக்கத்திற் கண்டறியும் பணியும் பிற்காலத்தில் மேற்கொள்ளப்பெற்றது. நோயாளர் வரட்டும் என்று காத்திராமல், நோயைத் தேடிச் செல்லுதல் என்னும் இம்முறையே அம்மையார் நெடுங்காலம் அவாவியதாகும்.

அம்மையார் நிதி திரட்டிக்கொண்டிருந்த அதே நாளில் இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி வெளிவந்தது. 1950-ஆம் ஆண்டில் டால், ஹில் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், நுரையீரற் புற்றுற்றோரையும் பிற நோயாளரையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, அப்புற்றுக்குப் புகைபிடித்தலே தலையாய காரணம் எனக் காட்டினர். மேனாட்டில் அதற்குமுன் அரிதாக இருந்த அந்நோய், சிகரெட்டு பரவியபின் ஆயிரக்கணக்கானோரைக் கவர்ந்தது. மென்றால் வாயை அரிக்கும் புகையிலை, புகைத்தால் மார்பை அரிக்கும் என்பது தெளிவாயிற்று. சுருட்டும் பீடியும் இதற்கு விலக்கல்ல. புகைபிடியாதார்க்கும் இந்நோய் வருதல் உண்டு; பிறர் விடும் புகை, மாசடைந்த காற்று, கல்நார்த் தூசி முதலியன அதற்குக் காரணமாகின்றன.

நுரையீரற் புற்றினைத் தொடக்கத்திற் கண்டறிதல் இன்றளவும் அரிதாகவே உள்ளது. வாயிலும் மார்பகத்திலும் தோன்றும் கட்டியைக் கண்ணால் காணலாம், கையால் தொட்டு உணரலாம். விலா எலும்புகளின் உள்ளே மறைந்திருக்கும் நுரையீரலில் கட்டி வளர்வதை யார் அறிவார்? நீங்காத இருமல், சளியிற் குருதி, உடல் மெலிவு ஆகியவை தோன்றினால், கயநோய் மிகுந்த நம் நாட்டில் அதனைக் கயநோய் என்றே எண்ணி மருந்துண்டு திங்கள் பலவற்றைக் கழித்துவிடுகின்றனர். அம்மையாரின் தங்கைக்கு வந்த நோயைச் சீதபேதி என மயங்கியது போன்றதே இதுவும். குறைந்த அளவு எக்ஸ் கதிரைக் கொண்டு உடலைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் கருவியால், மிகுதியாகப் புகைபிடித்தோரை ஆண்டுதோறும் சோதித்து வந்தால், இந்நோயால் நேரும் இறப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று அமெரிக்காவில் நிகழ்ந்த பேராய்வு ஒன்று 2011-ஆம் ஆண்டிற் புலப்படுத்தியது. ஆனால் பழைய கயநோய் விட்டுச் சென்ற தழும்புகளும் அப்படத்தில் கட்டி போலத் தோன்றி மயக்கும், செலவும் மிகுதி. ஆதலின் இந்திய அரசு முப்பது வயது கடந்தோர்க்கென வகுத்த சோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றின் புற்றுகளே இடம்பெற்றன. நுரையீரற் புற்று அதனுட் சேர்க்கப்படவில்லை. பொது இடங்களிற் புகைபிடித்தலைத் தடுக்கும் விதிகள் 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் முதல் நாடெங்கும் வலுவுடன் நடைமுறைக்கு வந்தன. அடையாற்று நிலையமும் புகையிலையை விட விரும்புவோர்க்குத் துணைபுரியும் பிரிவினை நடத்தியது. சென்னை நகரில் யார் யார்க்கு எவ்வகைப் புற்று வருகின்றது என்பதைக் கணக்கெடுத்துப் பதியும் பணியையும் 1980-களின் தொடக்கத்திலிருந்து அது செய்து வந்தது. எந்நோய் எங்கே மிகுகின்றது என்பதை அறியாது எத்திட்டத்தைத்தான் வகுத்தல் இயலும்?

இவ்வளர்ச்சியில் ஒரு பகுதியையே அம்மையார் தம் கண்ணாற் காண முடிந்தது. 1956-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது. விருதினைப் பெற்ற பின்னரும் ஔவை இல்லத்துப் பெண்களும் மருத்துவமனையின் நோயாளருமே அவருடைய கவலையாக இருந்தனர். பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிய இடம் நாளடைவில் நூற்றுக்கணக்கான படுக்கைகளையும், ஆராய்ச்சிக் கூடத்தையும், மருத்துவர்க்குப் பயிற்சியளிக்கும் கல்லூரியையும் கொண்டதாக விரிந்தது. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து புகைவண்டியிலும் பேருந்திலும் வந்திறங்கும் நோயாளர் அடையாற்று மருத்துவமனை எங்கே என்று வழி கேட்டால், சென்னையில் அதனைக் காட்டாதார் அரியர்.

1968-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22-ஆம் நாள் அம்மையார் சென்னையில் இயற்கை எய்தினார். எண்பத்திரண்டு ஆண்டு நிறைவதற்கு அப்போது எட்டு நாட்களே எஞ்சியிருந்தன.